கிரிஸ் கிராஸ் ராப்பர்களா, பொம்மைகளா? சண்டைக்கு வாங்க

தேக்காத்தம்பி
நேற்று ராத்திரி கோப்பிக்கடையில் ஆரம்பித்த வாக்குவாதம். கடையை மூடிவிட்டார்கள், அதனால் மிச்சத்தை இங்கே கொண்டு வந்திருக்கிறேன்.

தெரியாதவர்களுக்கு: கிரிஸ் கிராஸ் என்றால் அமெரிக்காவின் அட்லாண்டாவைச் சேர்ந்த கிரிஸ் கெல்லி, கிரிஸ் ஸ்மித் என்ற இரண்டு பொடியன்கள். சட்டை, பேண்ட் எல்லாம் முன்பின்னாக மாற்றிப் போடுவார்கள். 1992இல் 'ஜம்ப்' பாட்டு அமெரிக்க பில்போர்டு பட்டியலில் 8 வாரம் முதலிடம். 1996இல் மூன்றாவது ஆல்பம், அதோடு சரி. என் கட்சி இது: அவர்கள் ராப்பர்களே இல்லை. ஜெர்மெய்ன் டூப்ரி என்ற தயாரிப்பாளர் கடைத்தொகுதியில் கண்டுபிடித்து, பாட்டு எழுதிக் கொடுத்து, ஆடவிட்ட பொம்மைகள். மறுப்பவர்கள் வரலாம்.

கேசட்காலத்தவன்
தம்பி, 92இல் நான் உயர்நிலை ஒன்றில் இருந்தேன். பேண்டைத் திருப்பிப் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? நான் போட்டேன். ஜிப்பை நாமே இழுக்க முடியாது, என் தம்பிதான் இழுத்துவிட்டான். பக்கவாட்டுப் பை பின்பக்கமாகத் திறக்கும். புளோக்குக்குக் கீழே கல் மேசையில் உட்கார்ந்ததும் பையிலிருந்த சில்லறை மொத்தமும் தரையில். 50 காசு ஒன்று உருண்டு சாக்கடைக்குள் போய்விட்டது. அப்பா லிஃப்டிலிருந்து வந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கண்ணாடி உடைஞ்சு போச்சா?" என்று மட்டும் கேட்டார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பொம்மை என்கிறீர்கள். அந்தப் பையன்களை 1991இல் கிரீன்பிரையர் கடைத்தொகுதியில் பார்த்தபோது டூப்ரிக்கே 20 வயது ஆகவில்லை. பொம்மலாட்டக்காரனுக்கே மீசை அரும்புகிற வயசு! மூன்று சின்னப் பசங்க சேர்ந்து செய்த வேலை என்றுதான் நான் பார்க்கிறேன்.

தேக்காத்தம்பி
அண்ணே, கதை நன்றாக இருக்கிறது, வாதம் எங்கே? டூப்ரிக்கு என்ன வயதாக இருந்தால் என்ன? 'ஜம்ப்' எழுதியவர் அவர், அந்த முதல் ஆல்பத்தைத் தயாரித்தவரும் அவர். அடுத்தவன் எழுதியதைப் படிப்பவனுக்கு ராப்பில் மரியாதை கிடையாது. இது உலகத்துக்கே தெரியும்.

அரைபிளேட்மீகோரிங்
50 காசு கிடைச்சுதா இல்லையா, அதச் சொல்லுங்க முதல்ல.

உட்லண்ட்ஸ்அக்கா
தேக்காத்தம்பி, ஒரு கேள்வி. டி.எம்.எஸ். எந்தப் பாட்டை எழுதினார்? எழுதியவர் கண்ணதாசன், மெட்டுப் போட்டவர் எம்.எஸ்.வி., வாயசைத்தவர் சிவாஜி. அதனால் டி.எம்.எஸ். பொம்மை என்று யாராவது சொன்னால் சிராங்கூன் ரோட்டில் நடமாட முடியுமா?

'ஜம்ப்'பை ஒருதரம் ஹெட்ஃபோனில் கேளுங்கள். அடியில் ஜாக்சன் 5 பாட்டிலிருந்து வெட்டியெடுத்த துண்டு ஓடுகிறது. அதன்மேல் இந்த இரண்டு பையன்களும் மூச்சு வாங்காமல் வரியை மாற்றி மாற்றிப் பிடிக்கிறார்கள். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு, பிஎஸ்எல்இ எழுதுகிற வயசு. எனக்கு அந்த வயசில் 'வாழ்த்து' ஒப்பிக்கச் சொன்னாலே நாக்கு குழறும்.

எதிரணித்தலைவர்
அக்கா, உவமை அழகு, ஆனால் பொருந்தவில்லை. டி.எம்.எஸ். பாடும்போது அது திரைப்படத்தில் ஒரு பாத்திரத்தின் குரல் என்று எல்லோருக்கும் தெரியும். ராப்பில் "நான்" என்றால் பாடுகிறவனே. 'ஜம்ப்'பில் 'அனதர் பேட் கிரியேஷன்' என்ற இன்னொரு சிறுவர் குழுவைக் குத்துகிறார்கள். அவர்கள் துணியை உள்பக்கம் வெளியே தெரிய உடுத்துவார்கள், இவர்கள் முன்பின்னாக. துணிச் சண்டைதான்! ஆனால் அது யாருடைய சண்டை? எழுதியவருடையது. பையன்கள் வாயை வாடகைக்கு விட்டிருக்கிறார்கள்.

அப்புறம் கணக்கையும் பாருங்கள். அமெரிக்காவில் முதல் ஆல்பத்துக்கு 40 லட்சம் பிரதிகளுக்கான பிளாட்டினச் சான்று, 1993இல் வந்த இரண்டாவதுக்கு 10 லட்சத்துக்கு, மூன்றாவதுக்கு 5 லட்சத்துக்கு. மாடிப்படி இறங்குகிற மாதிரி இருக்கிறது. திறமை இருந்தால் வயசு ஏற ஏற மெருகு ஏற வேண்டாமா?

கேசட்காலத்தவன்
மகரக்கட்டு உடைந்துவிட்டதய்யா, வேறென்ன! இரண்டாவது ஆல்பத்தில் குரல் தடித்துவிட்டது. முறைக்கிறார்கள், முரட்டுத்தனம் காட்டுகிறார்கள். 13 வயசுக் குறும்பை வாங்கியவர்களுக்கு 15 வயசு விடலை வேண்டாம். அது சந்தையின் குணம், அவர்களுடைய குற்றமில்லை. மூன்றாவது ஆல்பத்திலிருந்து வந்த ஒரு பாட்டு பட்டியலில் 12ஆம் இடம் வரை ஏறியது. 12ஆம் இடத்தைத் தோல்வி என்கிறவர்கள், தயவுசெய்து உங்கள் பாட்டு எந்த இடம் என்று சொல்லிவிட்டுப் பேசவும்.

பாசிர்ரிஸ்பறவை
மைக்கல் ஜாக்சன் இங்கே சிங்கப்பூருக்கு வந்தபோது அவருக்கு முன்னால் இவர்கள்தானே ஆடினார்கள்? மாமா சொல்லியிருக்கிறார்.

கேசட்காலத்தவன்
மாமாவுக்கு இரண்டு விஷயம் கலந்துவிட்டது. ஜாக்சனுடைய 'டேஞ்சரஸ்' சுற்றுப்பயணத்தில் 1992 ஐரோப்பியக் கச்சேரிகளில்தான் கிரிஸ் கிராஸ் வந்தார்கள். இங்கே காலாங் தேசிய விளையாட்டரங்கில் ஜாக்சன் ஆடியது 1993 ஆகஸ்ட் 29, அவருடைய பிறந்தநாள். மறுநாள் கச்சேரி ரத்து, உடம்புக்கு முடியவில்லை. நான் டிக்கெட் வாங்க வசதியில்லாமல் வெளியே நின்று சத்தம் மட்டும் கேட்டவன்.

என்எஸ்முடிச்சவன்
பழைய ஆட்கள் மட்டும் பேசினால் எப்படி. நானும் ஒரு நண்பனும் இரட்டையர்தான். 2006இல் மலேசியாவிலிருந்து யோகி பி, நட்சத்ரா குழுவின் 'வல்லவன்' ராப் ஆல்பம் வந்த கையோடு தமிழில் ராப் எழுத ஆரம்பித்தோம். சமூக மன்றத்தில் இரண்டு தீபாவளி மேடை. அவன் எழுதுவான், நான் சொல்வேன். எதிரணித்தலைவர் கணக்கில் நான் வாயை வாடகைக்கு விட்டவன். ஆனால் அவன் எழுதிய வரியை அவன் வாயிலேயே கேட்டால் செய்தி வாசிப்பது போல இருக்கும். மூச்சு எங்கே விடுவது, எந்தச் சொல்லை விழுங்குவது, இதெல்லாம் தாளில் எழுதியிருக்காது.

எங்கள் குழு கலைந்த கதை சுருக்கமானது. எனக்கு ஜனவரியில் தெக்கோங் தீவில் தேசிய சேவை ராணுவப் பயிற்சி, அவனுக்கு ஏப்ரலில். நான் வெளியே வரும் வாரக் கடைசியில் அவன் உள்ளே, அவன் வெளியே வந்தால் நான் காட்டில். மொட்டை வளர்வதற்குள் பாட்டு போய்விட்டது. அந்த இருவரும் மூன்று ஆல்பம் தாக்குப்பிடித்தார்களே, எனக்கு அதுவே அதிசயம்.

அரைபிளேட்மீகோரிங்
அவங்க இங்க பொறந்திருந்தா மூணாவது ஆல்பம் ஆர்மி கேம்ப்லதான் வந்திருக்கும்.

உட்லண்ட்ஸ்அக்கா
இன்னொன்று, இதற்கு யாராவது பதில் சொல்லுங்கள். டா பிராட் தெரியும்தானே? சிகாகோ பெண். அவரை டூப்ரியிடம் அழைத்துப் போனதே இந்தப் பையன்கள்தான். 1994இல் அவருடைய முதல் ஆல்பம் பிளாட்டினம் தொட்டது. தனியாகப் பாடும் பெண் ராப்பர்களில் பிளாட்டினம் தொட்டதில் அவர்தான் முதல். பொம்மை போய் இன்னொரு கலைஞரைக் கண்டுபிடித்துக் கொண்டுவருமா?

எதிரணித்தலைவர்
காது இருந்தது என்று ஒத்துக்கொள்கிறேன். பேனா இருந்தது என்று ஒத்துக்கொள்ள மாட்டேன்.

தேக்காத்தம்பி
டா பிராட் விஷயம் எனக்குத் தெரியாது அக்கா, அது ஒரு புள்ளி உங்களுக்கு. 2013 பிப்ரவரியில் டூப்ரி நிறுவனத்தின் இருபதாம் ஆண்டுக் கச்சேரிக்கு அட்லாண்டாவில் இருவரும் மறுபடி மேடையேறியிருக்கிறார்கள். அதே ஆண்டு மே 1ஆம் தேதி கெல்லி இறந்துவிட்டார். 34 வயது, போதைமருந்து. அதைப் படித்தபிறகு "பொம்மை" என்ற சொல் கொஞ்சம் உறுத்துகிறது. அதை மட்டும் வாபஸ் வாங்குகிறேன். ராப்பர் இல்லை என்பது அப்படியே நிற்கிறது.

கேசட்காலத்தவன்
முதல் ஆல்பத்தின் கேசட் இன்னும் என்னிடம் இருக்கிறது. உறையின் மூலை கிழிந்து செல்லோடேப் ஒட்டியது. போட்டுக் கேட்கத்தான் பிளேயர் இல்லை.

தேக்காத்தம்பி
அப்பாவுடையது ஒன்று வீட்டில் கிடக்கிறது, பெல்ட் தளர்ந்துபோய் இழுவையாகப் பாடும். சிம் லிம் டவரில் பெல்ட் கிடைக்கும் என்று நினைக்கிறேன். சனிக்கிழமை வாங்கண்ணே, கோப்பி என் செலவு. பேண்டை நேராகப் போட்டுக்கொண்டு வரவும்.

அரைபிளேட்மீகோரிங்
கடைசிவரைக்கும் 50 காசு பத்தி யாரும் சொல்லல.