ஞாயிறு போட் பயணம்: குடும்பக் குழு

கவிதா அக்கா: ஞாயிறு காலை 9 மணிக்கு எல்லோரும் தெலுக் பஹாங் ஜெட்டிக்கு வந்துவிடுங்கள். அங்கிருந்து போட்டில் பந்தாய் கெராச்சுட் கடற்கரைக்கு. ஆமைக் காப்பகத்தையும் பார்க்கலாம்.

பெரியம்மா: நான் வரவில்லை மா. போன தடவை ஏறும்போதே போட் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. பெர்ரி என்றால் வருவேன், அது ஆடாது.

விமல்: பெர்ரி முழுக்க இரும்பு. அதுதானே முதலில் மூழ்க வேண்டும், சித்தப்பா?

சித்தப்பா: இரும்பா மரமா என்பது முக்கியமில்லை விமல். எவ்வளவு தண்ணீரை விலக்குகிறது என்று பார். இரும்புக் கட்டி விலக்கும் தண்ணீரின் எடை, கட்டியின் எடையில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்குதான், அதனால் மூழ்கும். அதையே தகடாக்கி, உள்ளே காலி இடம் விட்டுக் கட்டினால், விலக்கிய தண்ணீரின் எடை கப்பலின் எடைக்குச் சமமாகும் வரை இறங்கி, அங்கேயே நின்றுவிடும்.

விமல்: துறைமுகத்தில் கப்பல் பக்கவாட்டில் ஒரு வட்டமும் கோடுகளும் பார்த்தேனே?

சித்தப்பா: அதுவரைதான் சரக்கு ஏற்றலாம் என்ற அடையாளம். அளவுக்கு மேல் ஏற்றி மாலுமிகளைக் கடலில் பலி கொடுத்த காலம் இருந்தது. பிளிம்சால் என்ற பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் விடாமல் போராடி, 1876-இல் சட்டம் வந்தது. எத்தனை உயிர்களைக் காப்பாற்றிய கோடு அது! நன்னீருக்குத் தனிக் கோடு உண்டு. உப்புத் தண்ணீர் கனம், 1 கன மீட்டர் ஏறத்தாழ 1,025 கிலோ. ஆற்றுக்குள் வந்தால் அதே கப்பல் கொஞ்சம் தாழும்.

பெரியம்மா: அதெல்லாம் பெரிய கப்பல் தம்பி. நம் போட் சின்னது.

சித்தப்பா: அண்ணி, போன தடவை சாய்ந்த பிறகு நிமிர்ந்ததா?

பெரியம்மா: நிமிர்ந்தது.

சித்தப்பா: அதுதான் நல்ல போட். சாய்ந்த பக்கம் தண்ணீருக்குள் கூடுதலாக இறங்கும். தண்ணீர் மேலே தள்ளுவதும் அந்தப் பக்கம் நகரும். அதுதான் திருப்பி நிமிர்த்துகிறது. பெர்ரி அகலம், அதனால் ஆட்டம் தெரிவதில்லை. நம் போட்டின் அடிப்பாகம் 5 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம் என்று வையுங்கள். 1 செண்டிமீட்டர் இறங்கினால் 100 கிலோ தாங்கும். உங்களையும் சேர்த்து ஏழு பேர், ஆளுக்கு 60 கிலோ என்றாலும் ஏறத்தாழ 4 செண்டிமீட்டர்தான் தாழும்.

கவிதா அக்கா: அப்புறம் எதற்குத்தான் பயப்பட வேண்டும், சித்தப்பா?

சித்தப்பா: எழுந்து நிற்பதற்கு. நின்றால் பாரம் மேலே போகும், நிமிரும் பலம் குறையும். போட்டோ எடுக்க எல்லோரும் ஒரே பக்கம் போனால் இன்னும் மோசம். உள்ளே தண்ணீர் தேங்கவே கூடாது. சாய்ந்த பக்கமே ஓடி அதை இன்னும் அழுத்தும். சட்டென்று ஆடி நிமிரும் போட்டுக்குப் பயப்படாதீர்கள். மெதுவாகச் சாய்ந்து, திரும்ப யோசிக்கும் போட்டில் ஏறாதீர்கள். பெரிய அலை வந்தால் போட்காரர் முன்பக்கத்தை அலைக்கு நேராகத் திருப்புவார். அப்போது யாரும் அசையக் கூடாது, முக்கியமாக விமல்.

விமல்: சரி சித்தப்பா.

பெரியம்மா: நான் எங்கே உட்காருவது?

சித்தப்பா: நடுவில். ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு நடுவில் காலை வையுங்கள். ஓரத்தில் மிதித்தால் சாயத்தான் செய்யும். கவிதா, பிள்ளைகள் அளவில் லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று இன்றே கேள். இல்லையென்றால் வேறு போட் பார்ப்போம்.

கவிதா அக்கா: இப்போதே கேட்கிறேன். ஏழு பேர் என்றே சொல்லட்டுமா பெரியம்மா?

பெரியம்மா: சொல்லு மா.