கிட் கார் பேனல்: பசை மட்டும் போதுமா, ரிவெட்டும் வேண்டுமா?

கராஜ்வாசி:
இங்கிலாந்தில் வீட்டு கராஜில் கிட் கார் (பாகங்களாக வாங்கி நாமே கட்டும் கார்) ஒன்று கட்டி வருகிறேன்; லோட்டஸ் செவன் என்ற சின்னத் திறந்த ஸ்போர்ட்ஸ் காரின் பாணி. இரும்புச் சதுரக் குழாய்ச் சட்டகம் பவுடர் கோட்டிங் (சூட்டில் உருக்கி ஒட்டவைக்கும் பொடிப் பூச்சு) முடிந்து வந்துவிட்டது. பக்கவாட்டுக்கு 1.2 மி.மீ. அலுமினியத் தகடு. துளையிட்டு அடிக்கும் ரிவெட் ஆணிகளின் தலைகள் வரிசையாகத் தெரிவது பிடிக்கவில்லை. பாலியூரிதேன் பசையால் மட்டும் ஒட்டிவிடலாமா?

பட்டறைக்காரன்:
வேண்டாம் தம்பி. நீளவாக்கில் இழுத்தால் பசை தாங்கும். ஓரத்திலிருந்து உரித்தால் தாங்காது. என் முதல் வண்டியில் பின்சக்கரத்துக்கு முன்னால் வரும் கீழ் மூலை, இரண்டாவது குளிர்காலத்தில் விரல் நுழையும் அளவுக்கு விலகிவிட்டது. திறந்து பார்த்தால் பசை முழுசாகத் தகட்டில் இருந்தது. அதன் மேல் கறுப்புக் கோட்டிங் தோல் மாதிரி உரிந்து ஒட்டியிருந்தது. குழாயில் வெறும் துரு. அன்றிலிருந்து ரிவெட் இல்லாமல் நான் தகடு மாட்டுவதில்லை.

தென்றல்:
அப்படியானால் விட்டது பசை அல்ல, கோட்டிங். பசைக்கு அடியில் எது இருக்கிறதோ அதன் பிடிதான் உங்கள் பிடி. ரிவெட் போட ஒவ்வொரு துளை இடும்போதும் அந்தக் கோட்டிங்கைத்தான் உடைக்கிறீர்கள். குளிர்காலத்தில் சாலையில் உப்பு போடுகிற ஊர் இது. உப்புத் தண்ணீர் உள்ளே போய், இரும்போடு சேர்ந்திருக்கும் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரித்துப்போகும். ஆனாலும் பசை மட்டமில்லை: 1996இல் வந்த லோட்டஸ் எலீஸ் என்ற ஸ்போர்ட்ஸ் காரின் அலுமினியச் சட்டகமே எபாக்ஸி என்ற வலுவான பசையால் ஒட்டியதுதானே?

பட்டறைக்காரன்:
எலீஸை உதாரணம் காட்டுவது சரியில்லை. தொழிற்சாலையில் உலோகத்தைப் பதப்படுத்தி, அடுப்பில் வைத்து இறுக்கிய பசை அது. கராஜில் அதற்கு எங்கே போவது? அதோடு, மூட்டு உரிந்துவிடக் கூடாது என்று அந்தச் சட்டகத்திலும் திருகாணிகள் போட்டிருக்கிறார்கள்.

தென்றல்:
அது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் வெயிலையும் கணக்கில் எடுங்கள். ஒரு மீட்டர் தகடும் குழாயும் 40 டிகிரி சூடேறினால், இரும்பைவிட அலுமினியம் கிட்டத்தட்ட அரை மி.மீ. கூடுதலாக நீளும். பசை 2, 3 மி.மீ. கனத்தில் இருந்தால் ரப்பர் போல அசைந்து கொடுக்கும். நெருக்கமாக ரிவெட் அடித்தால் அந்த அசைவுக்கு வழியில்லை. கிளாம்பை இறுக்கிப் பசையை நசுக்கித் தள்ளிவிடுவதும் இதே தவறுதான். நடுநடுவே சின்ன ரப்பர் துண்டு வைத்தால் கனம் குறையாது.

பட்டறைக்காரன்:
சரி, மேலே முழுக்கப் பசையாக இருக்கட்டும். கீழ் ஓரத்தை மட்டும் அடிக்குழாய்க்குக் கீழே மடக்கி ரிவெட் போடுங்கள். கல்லும் தண்ணீரும் அடிப்பது அங்கேதான். நின்று பார்ப்பவர் கண்ணிலும் படாது. ஒவ்வொரு ரிவெட்டையும் பசையில் தோய்த்துப் போட்டால் துளையும் அடைபடும். தென்றல் சொன்ன அரிப்பு பயம் நியாயமானதுதான்.

கராஜ்வாசி:
நன்றி அண்ணா, தென்றலுக்கும் நன்றி. சட்டகத்தோடு கோட்டிங் போட்ட குழாய்த் துண்டு ஒன்று மிச்சம் இருக்கிறது. அதில் ஒரு தகட்டுப் பட்டையை இன்று ஒட்டிவைக்கிறேன். குளிரில் பசை இறுக நாளாகும், இரண்டு வாரம் விட்டுக் குறடால் உரித்துப் பார்க்கிறேன். கோட்டிங் கழன்று வந்தால், ஒட்டும் இடமெல்லாம் இரும்பு தெரியும்வரை சுரண்டி எபாக்ஸி பிரைமர் (அடிப்பூச்சு) அடித்துவிட்டுத்தான் தகட்டைத் தொடுவேன்.