சிவப்பு நத்தையும் மஞ்சள் நத்தையும் ஒரே இனமா?

கழுதுருட்டிக்காரன்:
ஆரியங்காவு பக்கம் ராத்திரி மழையில் இண்ட்ரெல்லா நத்தைகளைப் பார்த்தேன். ஓடு எல்லாவற்றுக்கும் ஒரே உருண்டை. உடம்பு மட்டும் சிலதுக்கு ரத்தச் சிவப்பு, சிலதுக்கு மஞ்சள். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே இருக்கும் இந்தப் பேரினத்தில் ஆம்புல்லா என்ற ஒரே இனத்தைத்தான் சொல்கிறார்கள். 1850ல் பென்சன் என்ற நத்தை ஆய்வாளர் வைத்த பெயர். இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்பது என் வாதம்.

மலைச்சாரல்:
நிறத்தை வைத்துப் பிரித்தால் எங்கே போய் நிற்கும் என்பதை பஹாமாஸ் தீவுகளில் பார்க்கலாம் அண்ணாச்சி. அங்கேயும் கியூபாவிலும் உள்ள செரியன் நத்தைக்கு, ஓட்டின் வடிவம் கொஞ்சம் மாறினாலே புதுப் பெயர் வைத்து, சுமார் 600 பெயர்கள் சேர்ந்துவிட்டன. ஸ்டீபன் ஜே கூல்டு, டேவிட் வுட்ரஃப் என்ற உயிரியலாளர்கள் பஹாமாஸின் நியூ பிராவிடன்ஸ் தீவு நத்தைகளை மறுபடி ஆராய்ந்து, 1986ல் அந்தத் தீவின் பெரும்பாலான பெயர்களைக் கழித்தார்கள். பசிபிக் கடலின் மூரேயா தீவில் உள்ள பார்ட்டுலா சுடுராலிஸ் நத்தையைப் பாருங்கள்: ஒரே இனத்தில் இடப்பக்கம் சுருண்ட ஓடும் உண்டு, வலப்பக்கம் சுருண்டதும் உண்டு. தாயின் மரபணுதான் அதை முடிவு செய்கிறது. சுருளே மாறும்போது நிறம் எந்த மூலை?

கழுதுருட்டிக்காரன்:
பெயரைக் கழிப்பதிலும் ஆபத்து இருக்கிறது தம்பி. ஹவாயின் ஓவாஹு தீவில் பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு அகட்டினெல்லா நத்தை மாறுவதை குலிக் என்ற இயற்கை ஆய்வாளர் 19ஆம் நூற்றாண்டிலேயே காட்டினார். எல்லாம் ஒன்றுதான் என்று விட்டிருந்தால், ஒரு பள்ளத்தாக்கில் அழிந்ததை யார் கணக்கில் எடுப்பார்கள்? அதில் அபெக்ஸ்ஃபுல்வா இனத்தின் கடைசி நத்தை கூண்டில் இருந்து 2019 ஜனவரி 1 அன்று செத்தது. நம் மலையிலும் ஒவ்வொரு சோலையும் தனித் தீவு மாதிரிதான். சுற்றிலும் ரப்பரும் தேயிலையும்.

வாழைத்தோட்டம்:
சண்டைக்கு நடுவில் ஒரு சந்தேகம். எங்கள் பக்கம் ஆப்பிரிக்க ஒச்சு, அதாவது ஆப்பிரிக்க நத்தை, வாழையைத் தின்று தீர்க்கிறது. ஜனங்கள் கண்ணில் படுகிற எல்லா நத்தைக்கும் உப்பு போடுகிறார்கள். எது எது என்று எப்படிச் சொல்வது?

மலைச்சாரல்:
இதைத்தான் முதலில் கேட்க வேண்டும் அக்கா. ஆப்பிரிக்க நத்தையின் ஓடு நீளக் கூம்பு, மேலிருந்து கீழாகப் பழுப்புக் கோடுகள். இண்ட்ரெல்லா ஓடு குட்டையாக உருண்டு இருக்கும், உடம்பு பளிச்சென்று தெரியும். முன்னதை வெறுங்கையால் தொடாதீர்கள், மூளையுறை அழற்சி தரும் புழு அதில் இருக்கலாம். அதை 1847ல் கல்கத்தாவில் விட்டதும் அதே பென்சன்தான். மூரேயாவில் இதை ஒழிக்கிறேன் என்று 1977ல் யூக்ளாண்டினா என்ற வேட்டை நத்தையை விட்டார்கள். பத்து ஆண்டுக்குள் காட்டில் பார்ட்டுலா கிட்டத்தட்ட அழிந்தே போனது. அதனால் தயவுசெய்து பார்த்துக் கொல்லச் சொல்லுங்கள்.

கழுதுருட்டிக்காரன்:
இதில் நமக்குள் தகராறே இல்லை. சரி, இனத்துக்கு வருகிறேன். மரபணு பார்த்தால் தெரிந்துவிடுமே?

மலைச்சாரல்:
அது மட்டும் போதாது. ஒரே இன நிலநத்தைகளுக்குள் மைட்டோகாண்ட்ரியா மரபணு பத்து சதவீதத்துக்கு மேல் வேறுபட்டதும் உண்டு. இனப்பெருக்க உறுப்பை அறுத்துப் பார்க்க வேண்டும், நாக்குப் பல்வரிசையைப் பார்க்க வேண்டும். சிவப்பும் மஞ்சளும் இணை சேர்வதை யாராவது படம் எடுத்தால் அதுவும் பெரிய சாட்சி.

கழுதுருட்டிக்காரன்:
இணை சேர்ந்தாலே ஒரே இனம் ஆகிவிடாது. மூரேயாவில் தனித்தனி பார்ட்டுலா இனங்களே சில இடங்களில் கலந்தன, சில இடங்களில் கலக்காமல் பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்தன. சிவப்பும் மஞ்சளும் ஒரே மரத்தடியில் இருக்கிறதா, ஓடைக்கு அந்தப் பக்கம் ஒன்று இந்தப் பக்கம் ஒன்றா என்பதை முதலில் குறிப்போம். இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) தொடங்கியதும் நிறம், இடம், உயரம் மூன்றையும் எழுத ஆரம்பிக்கிறேன். பிரிக்க வேண்டும் என்ற என் கட்சியில் மாற்றமில்லை.

மலைச்சாரல்:
எழுதுங்கள் அண்ணாச்சி. தென்மலைப் பக்கம் நான் பார்க்கிறேன். பெயர் வைப்பது அதற்கப்புறம்.