'மறைமுக இழப்பு' போதாது: 'படரிழப்பு' என்றொரு முன்மொழிவு

அன்புள்ள குழும நண்பர்களுக்கு, வணக்கம்.

சிறுதொழில் முனைவோருக்கான காலநிலை இடர்க் கையேட்டுச் சொற்பட்டியலில் நாம் முட்டி நிற்பது 'இன்டைரக்ட் லாஸ்' என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இடத்தில். 'மறைமுக இழப்பு' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, அதையே வைத்துக்கொள்ளலாம் என்று கோவை ஐயா எழுதியிருந்தார். 'தொடரிழப்பு' என்று ஒரு தோழி சொன்னார். 'சங்கிலி இழப்பு' என்றும் ஒரு யோசனை வந்தது. மூன்றையும் வைத்துக் கையேட்டின் மூன்றாம் இயலை எழுதிப் பார்த்தேன். மூன்றும் ஒவ்வோர் இடத்தில் தடுக்குகின்றன. அது ஏன் என்று சொல்லிவிட்டு, 'படரிழப்பு' என்ற சொல்லை உங்கள் முன் வைக்கிறேன்.

சொல்லுக்கு முன் பொருளைப் பார்த்துவிடலாம். 2011 மழைக்காலத்தில் தாய்லாந்தின் சாவோ பிராயா ஆற்றுப் படுகை முழுக்க வெள்ளம் நின்றது. அயுத்தயா, பதும் தானி மாகாணங்களின் தொழிற்பேட்டைகள் அக்டோபரில் மூழ்கின. அயுத்தயாவில் ஹோண்டா கார் ஆலைக்குள் தண்ணீர் புகுந்தது. அங்கே மறுபடி கார் ஓடிவர அடுத்த ஆண்டு மார்ச் ஆயிற்று. இது நேரடியானது, இதில் குழப்பம் எதுவும் இல்லை. டொயோட்டாவின் கதை வேறு. அதன் தாய்லாந்து ஆலைகளுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. ஆனாலும் அக்டோபர் 10 முதல் ஒரு மாதத்துக்கும் மேலாக அவை நின்றன, ஏனென்றால் உதிரிபாகம் செய்து தருபவர்களின் பட்டறைகள் தண்ணீருக்குள் இருந்தன. கணினி வன்தட்டுகளில் உலக உற்பத்தியின் ஏறத்தாழ 40 சதவீதம் அன்று தாய்லாந்தில்தான். பாங் பா-இன் தொழிற்பேட்டையில் வெஸ்டர்ன் டிஜிட்டல் ஆலை மூழ்கியதும் உலகெங்கும் வன்தட்டு விலை ஏறியது. வன்தட்டு இல்லாமல் கணினி செய்ய முடியாது; கணினி செய்யாவிட்டால் சிப் வாங்க ஆள் இல்லை. அந்த டிசம்பரில் இன்டெல் நிறுவனம் தன் காலாண்டு வருவாய்க் கணிப்பை 1,470 கோடி டாலரிலிருந்து 1,370 கோடி டாலராகக் குறைத்துக்கொண்டது. கலிபோர்னியாவில் தலைமையகம் கொண்ட நிறுவனம் அது. சாவோ பிராயாவில் வந்த வெள்ளம் அதன் கணக்கில் 100 கோடி டாலர் பள்ளம் தோண்டியது.

இந்தப் பள்ளத்துக்குத்தான் நாம் பெயர் தேடுகிறோம்.

அதே வெள்ளத்துக்குப் பிறகு உலக வங்கி எடுத்த கணக்கு நமக்கு இன்னொரு வழியில் உதவுகிறது. மொத்தம் 1.43 லட்சம் கோடி பாட், அதாவது ஏறத்தாழ 4,650 கோடி டாலர் என்று அது மதிப்பிட்டது. அந்தத் தொகையை 'டேமேஜ்', 'லாஸ்' என்று இரண்டாகப் பிரித்தது. கட்டடம், இயந்திரம், சரக்கு நாசமானது முதல் வகை. அவை நாசமானதால் வராமல் போன வருமானமும் கூடுதலாக ஆன செலவும் இரண்டாம் வகை. மொத்தத்தில் 56 சதவீதம் இரண்டாம் வகை. பாதிக்கு மேல்! இந்தப் பிரிவினைக்கு நாம் எதுவும் புதிதாகச் செய்யத் தேவையில்லை. பயிர்ச்சேதம், வெள்ளச்சேதம் என்கிறோம். வருமான இழப்பு, கூலி இழப்பு என்கிறோம். யாரும் 'வருமானச் சேதம்' என்று சொல்வதில்லை. பொருளுக்குச் சேதம், வரவுக்கு இழப்பு என்று மக்கள் வழக்கே பிரித்து வைத்திருக்கிறது. நம் பட்டியலில் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டிருக்கும் இடங்களைத் திருத்திவிடலாம் என்பது என் முதல் வேண்டுகோள்.

சரி, இழப்பிலும் இரண்டு உண்டு. தன் இடத்தில் ஏற்பட்ட சேதத்தால் வரும் இழப்பு ஒன்று. பிறர் இடத்தில் ஏற்பட்ட சேதம் நம்மை வந்து தாக்குவதால் வரும் இழப்பு இன்னொன்று. ஹோண்டாவுடையது முதலாவது, டொயோட்டாவுடையதும் இன்டெலுடையதும் இரண்டாவது. 'மறைமுக இழப்பு' என்ற சொல் இந்த இரண்டையும் ஒரே கூடையில் போட்டுவிடுகிறது; ஆங்கில நூல்களிலும் இந்தக் கலப்பு இருக்கிறது. நமக்கு வேண்டியது இரண்டாவதற்கு மட்டுமான சொல்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பணம் கைக்கு வருவதும் வராததும் இந்த வேறுபாட்டில்தான் நிற்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவரோடு கையேட்டுக்காகப் பேசினேன். பட்டறை மேட்டில் இருக்கிறது, தண்ணீர் வரவில்லை. கடைந்த ஷாஃப்டுகள் பெட்டியில் அடுக்கித் தயாராக இருந்தன. அவை ஹீட் ட்ரீட்மெண்ட்டுக்குப் போய், அங்கிருந்து பிளேட்டிங்குக்குப் போய், அப்புறம்தான் கார் கம்பெனிக்குப் போக வேண்டும். ஹீட் ட்ரீட்மெண்ட் செய்பவரின் உலை தண்ணீரில் நின்றது. பெட்டிகள் அசையவில்லை, பில் போட முடியவில்லை, ஆட்களுக்குக் கூலி கொடுத்தாக வேண்டும். காப்பீட்டுக்காரரிடம் போனால் வந்த முதல் கேள்வி: "உங்க பட்டறைக்குள்ள தண்ணி வந்துச்சா?" இல்லை என்றதும் பேச்சு முடிந்துவிட்டது. அவர் ஏமாற்றப்பட்டார் என்று நான் சொல்லவில்லை. நம் ஊரில் 'லாஸ் ஆஃப் ப்ராஃபிட்' (லாப இழப்பு) பாலிசி என்பது பொதுவாகத் தன் இடத்துச் சேதத்தோடு கட்டிப் போடப்பட்டது. சரக்கோ வேலையோ செய்து தருபவரின் இடத்துக்கு அதை நீட்டிக்கத் தனியாகக் கேட்டு, தனியாகப் பிரீமியம் கட்ட வேண்டும். அப்படி ஒன்று இருக்கிறது என்றே அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் எந்தப் பெயரால் கேட்பார்? பாலிசியில் வரும் 'கான்ஸிக்வென்ஷியல் லாஸ்' என்பதற்கு 'விளைவிழப்பு' என்று நம் பட்டியலில் இருக்கிறது. அதை அங்கேயே, தன் இடத்துச் சேதத்தின் விளைவுக்கு மட்டும், விட்டுவிடுவோம்.

சேதமே இல்லாமல் நின்றுபோன தொழிலுக்கு எல்லாரும் அறிந்த சென்னை எடுத்துக்காட்டு ஒன்றும் உண்டு. 1878-இல் தொடங்கிய 'தி இந்து' ஆங்கில நாளிதழின் சென்னைப் பதிப்பு 2015 டிசம்பர் 2 அன்று அச்சாகவில்லை. வெள்ளத்தால் மறைமலை நகர் அச்சகத்துக்குத் தொழிலாளர்கள் போய்ச் சேர முடியவில்லை என்பதே காரணம். கையேட்டில் இதைச் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன். உதிரிபாகம் வழியாக மட்டுமில்லை, சாலை வழியாகவும் ஆள் வழியாகவும் மின்சாரம் வழியாகவும் இழப்பு வந்து சேரும் என்பது இதில் தெளிவாகத் தெரிகிறது.

இனி, சொற்களுக்கு வருகிறேன். 'மறைமுகம்' என்றதும் மறைமுக வரி, மறைமுகத் தேர்தல் நினைவுக்கு வருகின்றன. அங்கெல்லாம் நடுவில் இன்னொருவர் இருக்கிறார் என்ற பொருள் சரியாகப் பொருந்துகிறது. ஆனால் இழப்போடு சேரும்போது, கண்ணுக்குத் தெரியாத, கணக்கில் ஏறாத ஒன்று என்ற தொனி வந்துவிடுகிறது. பட்டறைக்காரரின் இழப்பில் மறைவு ஏது? பெட்டி பெட்டியாக அவர் கண்ணெதிரே அடுக்கியிருக்கிறது. 'தொடரிழப்பு' கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தொடர் மழை, தொடர் விடுமுறை, 'தொடர் நட்டத்தில் இயங்கும் ஆலை' என்று பழகிய காது அதை விடாமல் வரும் இழப்பு என்றே எடுத்துக்கொள்ளும். தணிக்கையாளர் ஒருவர் அப்படித்தான் படித்தார்.

'சங்கிலி' பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இழப்பைக் கணக்கிடும் பொருளியல் மாதிரிகள் இயங்கும் விதத்தோடு அது நேராக மோதுகிறது. இந்த இழப்பைக் கணக்கிடுபவர்கள் பெரும்பாலும் பொருளியலாளர் லியோன்டீஃப் உருவாக்கிய உள்ளீடு–வெளியீடு அட்டவணையிலிருந்து தொடங்குகிறார்கள். அதற்காகத்தான் 1973-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. எந்தத் துறை எந்தத் துறையிடமிருந்து எவ்வளவு வாங்குகிறது என்பதைச் சொல்லும் கட்டங்கள் அவை. ஒரு கட்டத்தைக் குறைத்தால் குறைவு ஒரே வரிசையில் ஓடுவதில்லை. பக்கவாட்டில் போகிறது, கிளைக்கிறது, சில நேரம் தொடங்கிய துறைக்கே திரும்பி வருகிறது. உருக்காலைக்கு மின்சாரம் வேண்டும், மின்நிலையத்துக்கு உருக்கு வேண்டும். சங்கிலிக்கு முதல் கண்ணி, கடைக் கண்ணி என்று உண்டு. இதற்கு அப்படி இல்லை.

வெறும் அட்டவணை மட்டும் போதாது என்பதால் ஸ்டெஃபான் ஹாலகேட் என்ற பொருளியலாளர் 2008-இல் அதை வளைந்துகொடுக்கும் மாதிரியாக மாற்றினார். ஒரு வட்டாரத்துக்குள் உற்பத்தித் திறன் எவ்வளவு அறுந்தது, எங்கே முட்டுக்கட்டை விழுகிறது, வெளியிலிருந்து எவ்வளவு தருவிக்க முடியும், மறுகட்டுமானத் தேவை எப்படி ஏறுகிறது என்பதையெல்லாம் மாதம் மாதமாக ஓட்டிப் பார்க்கும் மாதிரி அது. 2005 கத்ரீனா புயலுக்குப் பிந்தைய லூசியானா மாநிலத்தில் அதைப் பொருத்தினார். நேரடிச் சேதம் 10,700 கோடி டாலர் என்று எடுத்துக்கொண்டால், மொத்தச் செலவு 14,900 கோடி டாலர் என்று வந்தது. அதைவிட முக்கியமான முடிவு ஒன்று: அந்த மாநிலத்தைப் பொறுத்தவரை நேரடிச் சேதம் 5,000 கோடி டாலரைத் தாண்டினால் மொத்த இழப்பு அதே விகிதத்தில் ஏறாமல், அதைவிட வேகமாக ஏறத் தொடங்குகிறது. சேதம் 20,000 கோடியைத் தாண்டும்போது மொத்தம் அதைப் போல் இரு மடங்காகிவிடுகிறது. இரண்டு சிறு வெள்ளங்களைக் கூட்டினால் ஒரு பெரு வெள்ளம் ஆகாது என்று வட்டாரத் திட்டமிடுவோர் புரிந்துகொள்ள வேண்டிய இடம் இது. இப்படிப் பெருகுவதைச் சொல்ல, 'சங்கிலி' என்ற சொல்லில் இடமே இல்லை.

ஆகவே படர்தல். வேர் ஒரு வீட்டுக் கொல்லையில், கொடி அடுத்த வீட்டு வேலியில். போகிற இடத்தில் பற்றிக்கொள்ளக் கொம்பு வேண்டும், கிடைத்தால் கிளைக்கும். இந்த மாதிரிகள் சொல்வதும் ஏறத்தாழ அதுதான்.

இலக்கண வகையிலும் இதில் ஒரு வசதி இருக்கிறது. படரிழப்பு என்பது வினைத்தொகை. படர்ந்த இழப்பு, படர்கிற இழப்பு, படரும் இழப்பு மூன்றும் ஒரே சொல்லுக்குள் அடங்கும். 2011-ஐத் திரும்பிப் பார்த்துக் கணக்கிட்டாலும், 2050-க்கான கற்பனைச் சூழல் ஒன்றை ஓட்டினாலும் அதே சொல் நிற்கும். கிளைச் சொற்களும் இழுத்துப் பிடிக்காமல் வருகின்றன: இழப்பு வந்து சேரும் வழிக்குப் படர்பாதை, நேரடிச் சேதத்தைப் போல் மொத்த இழப்பு எத்தனை மடங்கு என்பதற்குப் படர்மடங்கு. லூசியானாவுக்குப் படர்மடங்கு ஏறத்தாழ 1.4 என்று எழுதிப் பாருங்கள், வாக்கியம் தடையில்லாமல் ஓடுகிறது.

'படர்தாமரை என்ற தோல்நோய் நினைவுக்கு வராதா?' என்று ஒரு நண்பர் தனிமடலில் கேட்டார். வரலாம். ஆனால் படர்க்கை என்று பள்ளியில் படிக்கிறோம், கொடி படர்கிறது என்று அன்றாடம் சொல்கிறோம். ஒரு நோய்ப்பெயர் அந்த வினையை முழுதாக எடுத்துக்கொண்டுவிடவில்லை. மாறாக, 'பரவல்' என்ற சொல்லைக் கொரோனாக் காலம் அப்படித்தான் எடுத்துக்கொண்டது. அதனால் அதை நான் தவிர்க்கிறேன்.

வெள்ளமும் புயலும் மட்டுமில்லை, கொள்கை மாற்றத்தால் வரும் இழப்புக்கும் இந்தச் சொல் பொருந்த வேண்டும். ஜெர்மனி 2020-இல் சட்டம் இயற்றி, 2038-க்குள் நிலக்கரி மின்சாரத்தை விட்டுவிடுவதாக முடிவெடுத்தது. கூடவே லவுசிட்ஸ் போன்ற பழுப்பு நிலக்கரி வட்டாரங்களுக்கு 4,000 கோடி யூரோ வரை ஒதுக்க ஒப்புக்கொண்டது. சுரங்கத்துக்கு இயந்திரம் பழுதுபார்ப்பவர், சுரங்கத் தொழிலாளிக்கு ரொட்டி விற்பவர், அந்த ஊரின் நகராட்சி வரி என எல்லாம் படர்பாதைகள்தாம். நெய்வேலியை அறிந்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

'ரிஸ்க்' என்பதற்கு 'இடர்நேர்வு' என்று வைக்கலாம் என யாழ்ப்பாணத்து நண்பர் சொன்னதை முழுமையாக ஆதரிக்கிறேன். தமிழ்நாட்டில் மியூச்சுவல் ஃபண்டு விளம்பரம் 'அபாயம்' என்கிறது, நாம் 'இடர்' என்கிறோம், அரசு 'பேரிடர்' என்று டிசாஸ்டரைச் சொல்கிறது. நிகழ்வும் அது நேரும் வாய்ப்பும் ஒரே சொல்லில் சிக்கிக்கொள்கின்றன. இலங்கை மத்திய வங்கியின் தமிழ் வெளியீடுகளில் வரும் 'இடர்நேர்வு' இந்தச் சிக்கலை அவிழ்த்துவிடுகிறது. வெள்ளம் இடர், அது நேர்ந்து நமக்குக் கேடு விளையும் வாய்ப்பு இடர்நேர்வு. இரு கரைக்கும் பொதுவாக இதையே வைக்கலாம்.

தீராத ஒன்று இருக்கிறது. 2011-இல், வன்தட்டு செய்யும் சீகேட் நிறுவனத்தின் தாய்லாந்து ஆலைகள் மூழ்கவில்லை. உதிரிபாகத் தட்டுப்பாடு அதையும் தொட்டது. ஆனாலும் விலை ஏற்றத்தால் அதன் லாபம் பெருகியது. ஒரு வட்டாரத்தின் இழப்பு இன்னொரு வட்டாரத்துக்கு வரவாகும் இந்த நிலையையும் மாதிரிகள் கணக்கில் எடுத்துக் கழிக்கின்றன. இதற்குப் 'படராதாயம்' என்று எழுதினால் 'படராத ஆயம்' என்று பிரித்துப் படிக்க இடம் இருக்கிறது. 'படர்வரவு' எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் கணக்குப்பதிவியலில் வரவு என்பது வேறு பொருளில் நிற்கிறது. கணக்கியல் தெரிந்தவர்கள் இதைப் பார்த்துச் சொல்லுங்கள்.

விக்சனரி என்ற இணைய அகராதிக்கான வரைவு இது: "படரிழப்பு: ஓரிடத்தில் ஓர் இடரால் ஏற்பட்ட சேதம், வணிக, போக்குவரத்து, ஆற்றல், உழைப்புத் தொடர்புகள் வழியாக, சேதம் நேராத பிற நிறுவனங்களுக்கோ வட்டாரங்களுக்கோ ஏற்படுத்தும் வருமான இழப்பு." இதில் 'கொள்கை மாற்றம்' என்பதை 'ஓர் இடரால்' என்பதற்கு அருகில் எப்படி நுழைப்பது என்று தெரிந்தால் திருத்தித் தாருங்கள். கையேட்டின் மூன்றாம் இயல் இந்தச் சொல்லுக்காகத்தான் காத்திருக்கிறது.

அன்புடன்.