தோல் ஹெல்மெற்றின்ரை விளிம்பு கோணிப்போச்சு

கொக்குவிலான்:
அத்தான் நியூஜேர்சியிலை தொண்டராய் நெருப்பணைக்கப் போறவர். தன்ரை பழைய தோல் ஹெல்மெற்றை எனக்கு அனுப்பிவிட்டார். கேர்ன்ஸ் கம்பனியின்ரை என்5ஏ மொடல், கறுப்பு, முன்னாலை பித்தளைக் கழுகு. கப்பலிலை பரலுக்குள்ளை மா ரின்னுகளுக்குக் கீழை கிடந்து வந்ததிலை இடப்பக்க விளிம்பு மேலை சுருண்டு, வலப்பக்கம் அப்பளம் மாதிரித் தட்டையாய்ப் போச்சு. அத்தானைக் கேட்டால், ரெண்டு பக்கத்தையும் மேலை வளைச்சு இரவிரவாய்க் கயித்தாலை கட்டிவிடு, அங்கை எல்லாரும் அப்பிடித்தான் போடுறவை எண்டுறார். எனக்கு அந்தச் சுருட்டல் பிடிக்கேல்லை. கம்பனி விட்ட வடிவத்துக்கே வரவேணும். புட்டுப்பானை ஆவியிலை பிடிக்கலாமோ? அம்மா இப்பவே பானையை ஒளிச்சுப்போட்டா.

திருநெல்வேலி_77:
ஆவி வேண்டாம் தம்பி. கொதிக்கிற ஆவி பட்டால் தோல் சுருங்கிக் கருவாடாய்ப் போம். பிறகு என்ன நனைச்சாலும் வராது. தலைமயிர் காயவைக்கிற மெசினும் அப்பிடித்தான், பெயின்ற் வெடிக்கும். நான் பத்து வருசம் தோல் பை தைச்சனான். கை பொறுக்கிற சூட்டுத் தண்ணியிலை துணியை நனைச்சுப் பிழிஞ்சு விளிம்பைச் சுத்தி ஒரு மணித்தியாலம் விடும். இளகினாப்போலை விரலாலை கொஞ்சம் கொஞ்சமாய் வளையும், ஒரேயடியாய் மடக்காதையும். பழைய சைக்கிள் ரியூப்பை நாடாவாய் வெட்டிக் கட்டும். கிளிப் போடுறதெண்டால் கீழை மட்டை வையும். மூண்டு நாள் நிழலிலை. எங்கடை சித்திரை வெயிலிலை மட்டும் வைச்சிடாதையும்.

வட்டுக்கோட்டையாள்:
பானையை ஒளிச்ச கொம்மாவுக்கு ஒரு கும்பிடு. நெருப்புக்குப் போன ஹெல்மெற்றிலை இருக்கிற கரி சும்மா அடுப்புக்கரி இல்லை. நெருப்பணைக்கிற வேலையே புற்றுநோய் தரும் எண்டு 2022இலை உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை முதலாம் பிரிவிலை போட்டது. கையுறை போட்டு, வெளியிலை வைச்சு, சவர்க்காரத் தண்ணித் துணியாலை முதல் துடையுங்கோ. வளைக்கிறது பிறகு.
பின்பக்கம் அகப்பை மாதிரி நீண்டு கிடக்கிறது வடிவுக்கில்லை, தண்ணியும் தணலும் கழுத்துக்குள்ளை விழாமல் வழிஞ்சு போகத்தான். 1830களிலை நியூயோர்க்கிலை பெட்டி தைச்ச கிராட்டகாப் எண்டவர் கொண்டுவந்த அமைப்பு அது. அதிலை கை வைக்காதையுங்கோ. வளைச்ச ஹெல்மெற்றைப் போட்டுக்கொண்டு ஒருத்தரும் நெருப்புக்குப் போகவும் கூடாது.

கொக்குவிலான்:
போடுறதுக்கில்லை அக்கா, அலுமாரிக்கு மேலை வைக்கத்தான். நாலு நாள் ஆச்சு. துடைச்ச துணி மூண்டும் கறுத்துப்போச்சு, எறிஞ்சிட்டன். இடப்பக்கம் வடிவாய் இறங்கீட்டுது. வலப்பக்கம் அரைவாசிதான். அண்ணை சொன்ன மட்டையை வைக்காமல் விட்டதாலை உடுப்புக் கிளிப்பின்ரை பல்லு ரெண்டு பதிஞ்சு கிடக்கு. அழியுமோ?

திருநெல்வேலி_77:
அழியாது. ஈரத்திலை பதிஞ்சது பதிஞ்சதுதான். வலப்பக்கத்துக்கு இன்னொருக்கால் துணி கட்டும், இந்தமுறை மட்டையோடை. மாரிக்கு அலுமாரிக்கு மேலை பூஞ்சணம் பிடிக்கும், காத்துப்படுற இடமாய்ப் பாரும்.