1935 சட்டத்தின் நகல்தானா நம் அரசமைப்பு?

குறிஞ்சி_தேர்வர்:
எல்லோருக்கும் வணக்கம். குரூப் 2-க்குப் படிச்சுட்டு இருக்கேன். அரசமைப்பு பாடம் நடத்தும்போது பயிற்சி மைய ஆசிரியர், "முக்கால்வாசி 1935 இந்திய அரசுச் சட்டத்தைப் பார்த்து எழுதினது, மிச்சம் அயர்லாந்து, அமெரிக்கா, கனடா"ன்னு சொல்லிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிட்டார். எனக்கு அது உறுத்திட்டே இருக்கு. வெள்ளைக்காரன் சட்டத்தையே எடுத்து எழுதியிருந்தா, மூணு வருஷம் உட்கார்ந்து என்னதான் பேசினாங்க?

இன்னொண்ணு. அரசியல் நிர்ணய சபைக்கு மக்கள் நேரடியா ஓட்டுப் போடலை. மாகாண சட்டமன்ற உறுப்பினர்கள்தான் தேர்ந்தெடுத்தாங்க. அந்தச் சட்டமன்றங்களுக்கே சொத்தோ வரியோ படிப்போ இருந்தவங்கதான் ஓட்டுப் போட முடிஞ்சது. அப்போ முகவுரையில "இந்திய மக்களாகிய நாம்"னு எந்த உரிமையில எழுதினாங்க? மார்க்குக்காகக் கேட்கலை. புரிஞ்சுக்கணும்.

பொருநைக்கரை:
தேர்வுக்கு இது போதும்: நெறிமுறைக் கோட்பாடுகள் (அரசு பின்பற்ற வேண்டிய வழிகாட்டுதல்கள்) அயர்லாந்து, அடிப்படை உரிமைகளும் நீதிப் புனராய்வும் (சட்டம் அரசமைப்புக்கு ஏற்றதா என்று நீதிமன்றம் பார்ப்பது) அமெரிக்கா, நாடாளுமன்ற முறை பிரிட்டன், வலுவான மத்திய அரசுள்ள கூட்டாட்சி கனடா. 1949 நவம்பர் 26 ஏற்பு, 1950 ஜனவரி 26 நடைமுறை. அன்றைக்கு 395 பிரிவுகள், 8 அட்டவணைகள். மற்றதை மதுரை வக்கீல் சார் வந்து சொல்லட்டும், அவருக்குப் பிடித்த பாடம்.

மதுரை_வக்கீல்:
உங்கள் ஆசிரியர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் பாதியில் நிறுத்திவிட்டார், அதுதான் குறை.

1935 சட்டத்தில் 321 பிரிவுகள். மத்திய, மாகாண, பொதுப் பட்டியல்கள், ஆளுநர் பதவி, அவசரச் சட்டம் போடும் அதிகாரம், தேர்வாணையங்கள் எல்லாம் அங்கிருந்து வந்தவைதான். சில இடங்களில் வாசகம்கூட மாறவில்லை. அம்பேத்கர் இதை மறைக்கவே இல்லை. 1948 நவம்பர் 4 அன்று வரைவைச் சபையில் வைத்துப் பேசும்போது, அரசமைப்பின் அடிப்படைக் கருத்துகளுக்கு யாரும் காப்புரிமை வாங்கி வைத்திருக்கவில்லை, கடன் வாங்கியதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றார். எடுத்துக்கொண்டவற்றில் பெரும்பகுதி நிர்வாக விவரங்களாக இருக்கிறதே என்பதுதான் அவருக்கு வருத்தம். அதற்கும் காரணம் சொன்னார். அரசமைப்பில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல், நிர்வாக முறையை மட்டும் மாற்றியே அதைக் கெடுத்துவிட முடியும். ஜனநாயகப் பழக்கம் இன்னும் வேர் பிடிக்காத நாட்டில் அந்த விவரங்களைச் சட்டமன்றங்களின் கையில் விட அவருக்கு மனம் வரவில்லை. நான் அந்தப் பேச்சைப் பலமுறை படித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் நின்றுவிடுவேன்.

இப்போது 1935-இல் இல்லாதது என்ன என்று பாருங்கள். அடிப்படை உரிமைகள் என்ற பகுதியே அங்கே கிடையாது. உரிமை பறிபோனால் நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போகலாம் என்ற 32-ஆம் பிரிவு கிடையாது. தீண்டாமையை ஒழித்த 17-ஆம் பிரிவு கிடையாது. அந்தப் பிரிவு 1948 நவம்பர் 29 அன்று நிறைவேறியது. தீண்டாமை என்றால் என்னவென்று வரையறுக்க நசிருத்தீன் அகமது கொண்டுவந்த திருத்தத்தைச் சபை ஏற்கவில்லை. அது எந்த வடிவில் வந்தாலும் தடை என்று சொல்லி, மீறுவது குற்றம் என்றும் எழுதி வைத்தார்கள். குடிமகனுக்கு எதிராக அரசு என்ன செய்யக் கூடாது என்று சொல்வதோடு மற்ற உரிமைகளில் பல நின்றுவிடும். இது ஒரு குடிமகன் இன்னொரு குடிமகனுக்குச் செய்வதையும் தடுக்கிறது. டீக்கடையில் தனி டம்ளர் வைப்பவனையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் பிரிவு இது. இதை எந்த வெள்ளைக்காரன் சட்டத்திலிருந்து நகல் எடுத்தார்கள்?

உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதில் 326-ஆம் பிரிவில் இருக்கிறது. நீங்கள் சொல்வது உண்மை, சபையை எல்லா மக்களும் தேர்ந்தெடுக்கவில்லை. அந்தக் குறையை அன்றைக்கே பலர் எடுத்துச் சொன்னார்கள். அப்படிப்பட்ட சபை என்ன செய்தது? தன்னைத் தேர்ந்தெடுத்த வகையையே ஒழித்துக்கட்டியது. சொத்து வேண்டாம், படிப்பு வேண்டாம், 21 வயது ஆகியிருந்தால் போதும் என்றது. 1937 தேர்தலில், இன்றைய பாகிஸ்தானும் வங்கதேசமும் சேர்ந்த பிரிட்டிஷ் இந்தியாவில், வாக்குரிமை இருந்தவர்கள் ஏறத்தாழ 3 கோடிப் பேர். 1951-52 தேர்தலில் பட்டியலில் இருந்தவர்கள் 17 கோடிக்கு மேல். 1951 கணக்கெடுப்பில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 100-க்கு 18 பேர்தான். படிப்பு வரட்டும், பிறகு ஓட்டுக் கொடுக்கலாம் என்று தள்ளிப்போட எல்லாச் சாக்கும் கையில் இருந்தது. தள்ளிப்போடவில்லை.

அரசமைப்பு எழுதி முடியும் முன்பே வாக்காளர் பட்டியல் வேலை தொடங்கிவிட்டது. வீடு வீடாகப் போன ஊழியர்களிடம் பல பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. "இன்னாரின் மனைவி", "இன்னாரின் மகள்" என்றே பதிவானது. அப்படி எழுத முடியாது, சொந்தப் பெயர் வேண்டும் என்று தேர்தல் ஆணையம் கறாராக நின்றதால் கிட்டத்தட்ட 28 லட்சம் பெண்களின் பதிவு நீக்கப்பட்டது. அவர்களுக்கு அந்த முதல் ஓட்டு போனது பெரிய இழப்பு, அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் அரசு ஒரு பெண்ணின் வாசலில் வந்து நின்று, அவள் யாருடைய மனைவி என்று கேட்காமல் அவள் பெயர் என்ன என்று கேட்டது அல்லவா? "மக்களாகிய நாம்" என்று எழுதும் உரிமை முன்கூட்டியே அவர்கள் கையில் இருக்கவில்லை. 1952-இல்தான் அது மக்களிடமிருந்து கிடைத்தது என்பது என் கருத்து.

நகல் எடுத்ததில் நமக்குக் கேடு வந்த இடமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 1935 சட்டத்தின் 93-ஆம் பிரிவு, அமைச்சரவையை ஒதுக்கிவிட்டு ஆளுநரே மாகாணத்தை ஆள வழி செய்தது. 1939 கடைசியில் ராஜாஜி அமைச்சரவை விலகிய பிறகு 1946 வரை சென்னை மாகாணம் அப்படித்தான் ஆளப்பட்டது. அந்தப் பிரிவின் வாரிசுதான் நம் அரசமைப்பின் 356-ஆம் பிரிவு. 1949 ஆகஸ்டில் அது விவாதத்துக்கு வந்தபோது சபை உறுப்பினர் எச்.வி. காமத் கடுமையாக எதிர்த்தார். இது பயன்படாமல் ஏட்டளவில் கிடக்கும் என்று நம்புகிறேன் என்றார் அம்பேத்கர். அப்படிக் கிடக்கவில்லை. தமிழ்நாட்டிலேயே 1976-இல் கருணாநிதி ஆட்சி, 1980-இல் எம்.ஜி.ஆர். ஆட்சி, 1991-இல் மறுபடி கருணாநிதி ஆட்சி.

1991 ஜனவரி 30 நன்றாக நினைவிருக்கிறது. அப்போது நான் சட்டக் கல்லூரி மாணவன். ஆளுநர் பர்னாலா அறிக்கை அனுப்பவே இல்லை, பிறகு எப்படி ஆட்சியைக் கலைக்க முடியும் என்று விடுதியில் ஒரே வாக்குவாதம். ஒரு சீனியர் சட்டப் புத்தகத்தைப் பிரித்துக் காட்டினார். ஆளுநரின் அறிக்கை வந்தாலோ, அல்லது "வேறு வகையிலோ" குடியரசுத் தலைவருக்கு மனநிறைவு ஏற்பட்டால் போதும் என்று இருந்தது. சபையில் சேர்க்கப்பட்ட அந்தச் சிறு தொடர், 41 வருடம் கழித்து ஓர் அரசாங்கத்தை வீட்டுக்கு அனுப்பியது. 1994-இல் எஸ்.ஆர். பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகுதான் இதற்குக் கடிவாளம் விழுந்தது. பெரும்பான்மை இருக்கிறதா என்பதைச் சட்டமன்றத்தில்தான் பார்க்க வேண்டும், நீதிமன்றமும் கலைப்பை ஆராயலாம் என்றார்கள்.

செங்காந்தள்:
வக்கீல் ஐயா 17-ஆம் பிரிவைப் பற்றிச் சொன்னதோடு இதையும் சேர்க்க வேண்டும். அது தீண்டாமையை ஒழித்தது, சாதியை ஒழிக்கவில்லை. பெரியார் எழுப்பிய கேள்வியே அதுதான். மத உரிமை என்ற பெயரில் சாதிக்குப் பாதுகாப்பு இருக்கிறது என்று சொல்லி, 1957 நவம்பர் 26 அன்று அந்தப் பிரிவுகளைக் கொளுத்தச் சொன்னார். கொளுத்தினால் மூன்றாண்டு வரை சிறை என்று சென்னைச் சட்டமன்றம் அவசரமாகச் சட்டம் போட்டது. தெரிந்தே ஆயிரக்கணக்கானோர் கொளுத்திச் சிறைக்குப் போனார்கள். எங்கள் தாத்தாவின் அண்ணனும் அதில் ஒருவர். முகவுரையைப் போற்றுபவர்கள் இவர்களை விட்டுவிட்டு வரலாறு பேசக் கூடாது.

மதுரை_வக்கீல்:
பேசக் கூடாதுதான். மூன்றாண்டு சிறை என்று தெரிந்தே நாளும் குறித்துச் செய்தவர்கள் அவர்கள். உங்கள் பெரிய தாத்தாவுக்கு என் வணக்கம்.

கொளுத்துவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் அந்தக் கேள்வி நியாயமானது, இன்னும் முடியாதது. அம்பேத்கரே 1949 நவம்பர் 25 அன்று கடைசிப் பேச்சில் இதற்குப் பக்கத்தில் வந்து நிற்கிறார். ஜனவரி 26-இல் முரண்பாடுகள் நிறைந்த வாழ்வுக்குள் போகிறோம், அரசியலில் சமத்துவம் இருக்கும், சமூகத்திலும் பொருளாதாரத்திலும் இருக்காது என்கிறார். சீக்கிரம் சரிசெய்யாவிட்டால், பாதிக்கப்பட்டவர்கள் இந்தக் கட்டடத்தையே தகர்த்துவிடுவார்கள் என்றும் எச்சரிக்கிறார். எழுதியவரே எழுதி முடித்த கையோடு இதைச் சொல்லியிருக்கிறார்.

குறிஞ்சி_தேர்வர்:
ரொம்ப நன்றி சார், செங்காந்தள் அக்காவுக்கும் நன்றி. இந்த விவாதங்களை முழுசாப் படிக்க முடியுமா? எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

மதுரை_வக்கீல்:
12 தொகுதிகள். நாடாளுமன்ற இணையதளத்தில் ஆங்கிலத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள், அலுத்துவிடும். 1948 நவம்பர் 4, அடுத்த நாள் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பேச்சு (வரைவுக் குழுவில் ஒருவர் விலகினார், ஒருவர் இறந்தார், ஒருவர் அமெரிக்காவில், கடைசியில் சுமை முழுவதும் அம்பேத்கர் தலையில் விழுந்தது என்பதை அதில்தான் சொல்கிறார்), பிறகு நவம்பர் 29, 1949 ஆகஸ்ட் 3, 4, கடைசியாக நவம்பர் 25. இந்த ஆறு நாட்களையும் படித்துவிட்டு வாருங்கள். 356 விவாதத்தில் காமத் பக்கமா அம்பேத்கர் பக்கமா என்று இங்கேயே பேசலாம்.