தாராவியில் வழிகாட்டியோடு நடந்தவர்கள் இங்கே யாரேனும் உண்டா?

பாளையங்கோட்டைக்காரன்:
2019 பிப்ரவரியில் அலுவலக வேலையாக மும்பைக்குச் சென்றிருந்தபோது, உடன் வந்த ஜெர்மானிய நண்பர்கள் இருவரும் ஆசைப்பட்டதால் தாராவி நடைச் சுற்றுலாவில் நானும் சேர்ந்துகொண்டேன். 13ஆம் காம்பவுண்டில் பழைய பிளாஸ்டிக்கைத் தரம் பிரித்து, அரைத்து, கழுவி, தகரக் கூரைமேல் உலர்த்துவதையும், கும்பார்வாடாவில் குஜராத்திக் குயவர்களின் சூளைகளையும் பார்த்தோம். அவற்றைப் பற்றி எழுதாதவர் இல்லையாதலால் விட்டுவிடுகிறேன்.

அதன்பின், தோளை ஒருக்களித்தால்தான் நுழைய முடிகிற ஒரு சந்து. தலைக்கு மேலே மின்கம்பிகள், காலடியில் சாக்கடையை மூடிய கடப்பைக் கற்கள். ஒரு வாசற்படியில் குத்தவைத்துத் துணி பிழிந்துகொண்டிருந்த பெண், எதிர்வீட்டுப் பெண்ணிடம், "தெனமும் வாரானுவ, பாக்கானுவ, போறானுவ. நம்ம வீட்டுல என்னத்தத்தான் தேடுதானுவளோ" என்றார். எங்கள் தெருவில் கேட்ட அதே பேச்சு. நான் அந்தக் கல்லில் கால் வைக்கப்போனபோது, அது ஆடும் என்பதற்காக அவரே இந்தியில் "சம்பால் கே" என்று எச்சரித்தார். நான் அவரிடம் "தேங்க் யூ" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு நகர்ந்தேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

தொண்ணூறடிச்சாலை:
நான் தாராவியின் 90 அடிச் சாலைக்கு அருகே பிறந்து வளர்ந்தவன். உங்கள் வருத்தத்தில் எனக்கு உடன்பாடில்லை. "நீங்க எந்த ஊரு?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அந்த அம்மா உங்களை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்து, உங்கள் தாத்தா பெயர் வரை விசாரித்திருப்பார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிட வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே ஏராளம். பதனிடும் தொட்டிகள் பெரும்பாலும் வெளியேறிவிட்டன; தைக்கும் பட்டறைகள்தாம் மிஞ்சியிருக்கின்றன.

அப்படியொரு பட்டறைதான் என் தகப்பனாருடையது. சுற்றுலா வந்த ஒருவர் வாசலில் நின்று கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். அப்பா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. இடுப்பிலிருந்த பெல்ட்டைத்தான் பார்த்தார். "தையல் நம்ம தையல் மாதிரியே இருக்கு" என்று என்னிடம் சொல்லிவிட்டு ஊசியைத் தொடர்ந்தார். அவருக்குக் கோபமே வரவில்லை. எனக்குத்தான் வந்தது, இன்னும் போகவில்லை.

ஊர்சுற்றி:
பிரேசிலில், ரியோ டி ஜெனீரோவின் குடிசைப் பகுதியான ரோசின்யா குன்றில் திறந்த ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒரு சிறுவன் கையைத் துப்பாக்கி போல் நீட்டி எங்களைக் "சுட்டு"விட்டுச் சிரித்தான், அவ்வளவுதான் என் அனுபவம்.

இனிமேல் போகிறவர்களுக்குச் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். வண்டியில் ஏறாதீர்கள், நடந்துதான் போக வேண்டும். குழு ஆறேழு பேருக்கு மேல் இருந்தால் அந்தச் சந்துகளில் வீட்டுக்காரர் வெளியே வர வழியிருக்காது. வழிகாட்டி அதே பகுதியில் வாழ்கிறவரா என்றும், கட்டணத்தில் எவ்வளவு அங்கே திரும்புகிறது என்றும் முன்பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள்; மழுப்பினால் வேறிடம் பாருங்கள். படம் எடுக்க வேண்டாம் என்று சொல்லும் குழுக்கள் தாராவியில் உண்டு, அவற்றையே தேர்ந்தெடுங்கள். பிள்ளைகளுக்கு மிட்டாயும் சில்லறையும் நீட்டாதீர்கள். அடுத்த குழு வரும்போது அவர்கள் பள்ளிக்குப் போகாமல் காத்திருப்பார்கள். திறந்திருக்கும் கதவுக்குள் எட்டிப் பார்க்காதீர்கள், அந்த ஓர் அறைதான் அவர்களுக்குப் படுக்கையறையும்கூட. தோல் பை வாங்கினால் அடிமாட்டு விலைக்குப் பேரம் பேசாதீர்கள். இவை எதுவும் முடியாதென்றால் பக்கத்திலுள்ள சயான் ரயில் நிலையத்தில் இறங்கி, சாதாரண வாடிக்கையாளராகக் கடைக்குப் போய்விட்டு வாருங்கள்.

பாளையங்கோட்டைக்காரன்:
ஊர்சுற்றி அவர்களே, நீங்கள் சொல்பவை நியாயமானவைதாம், ஆனால் எங்கள் குழுவில் ஏழு பேர்தான் இருந்தோம், யாரும் படம் எடுக்கவில்லை, வழிகாட்டியும் தாராவிப் பையன்தான். தொண்ணூறடிச்சாலை சொல்வதுதான் உறைக்கிறது. அந்தப் பெண் பிழிந்துகொண்டிருந்தவை இட்லித் துணிகள். விடியுமுன் அவித்து, நகரமெங்கும் தூக்குகளில் கொண்டுபோய் விற்றுத் திரும்பிய பிறகு அலசுகிறார்கள். வழிகாட்டி அதைக் காட்டி "வீட்டுத் துணி துவைக்கிறார்" என்று நண்பர்களுக்கு ஆங்கிலத்தில் விளக்கினார். இல்லை என்று திருத்தக்கூடியவன் அங்கே நான் ஒருவன்தான் இருந்தேன்.